அண்ணனின் கணினியில் இரண்டு குரல்கள்

என் அண்ணனுக்கு இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். கண்டுபிடித்தபோது ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது, மற்றது மெல்ல மெல்லப் போனது. பிறகு டெலிபோன் ஆப்பரேட்டர் பயிற்சி எடுத்து, ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தார். ஒரு தடவை கேட்ட குரலை அவர் மறந்ததில்லை. கடைசியில் அந்த அலுவலகம் தொலைபேசியை எடுக்க ஒரு இயந்திரத்தை வைத்துவிட்டது. "ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு சொல்ற பொம்பளைக்கு என் நாக்காலிய குடுத்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

வீடு கோல சிலாங்கூரில், தாமான் என்கிற குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. அண்ணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் மீன் உருண்டை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். அண்ணன் வீட்டிலிருந்தே ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். கோயில் ஆண்டுக் கூட்டம், கூட்டுறவுச் சங்கக் கூட்டம், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கக் கூட்டம் இவற்றையெல்லாம் யாராவது கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒழுங்காகத் தட்டச்சு செய்து கொடுப்பார். ஒரு காதில் கூட்டத்தின் சத்தம். மறு காதில் கணினியின் குரல்.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் செயலி ஒன்று அண்ணனின் கணினியில் இருந்தது. பெண் குரல்தான், ஆனால் தகரத்தில் மணலைக் கொட்டியது மாதிரி ஒரு குரல். மூச்சு விடாது, ஏற்ற இறக்கம் கிடையாது. அண்ணன் அதை அதிவேகத்தில் ஓட விட்டிருப்பார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவருக்கு எல்லாம் புரியும். அண்ணி அதைச் சக்களத்தி என்றே கூப்பிடுவார்.

"நான் வேலைக்குப் போனதும் உங்க அண்ணனுக்கு நாள் முழுக்க அவகூடத்தான் பேச்சு. நல்ல சக்களத்தி லா, சமைக்க மட்டும் தெரியாது" என்பார்.

போன வருடம் அந்தக் கணினி தளர ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். நான் ஈஜோக்கில் இருக்கிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. அதனால் குடும்பத்தில் மிக்சி முதல் கணினி வரை எது படுத்தாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் டாக்டர் நான்தான்.

"பாப்பா, பொட்டி வாயடைச்சுப் போச்சு" என்றார். எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"முழுசா நின்னுடுச்சாண்ணே?"

"இல்ல. ஒரு வார்த்த சொல்லுது. அப்புறம் நான் தே தண்ணி குடிச்சிட்டு வரலாம். அப்புறம் அடுத்த வார்த்தய சொல்லுது. நடுவுல நான் தட்டுனது ஏறுச்சா இல்லையான்னே தெரியல."

பார்வை உள்ளவர்களுக்குக் கணினி மெதுவாக ஓடினால் எரிச்சல் வரும். அவ்வளவுதான். அண்ணனுக்கு அப்படியில்லை. குரல் நின்றால் அவருக்கு அறையில் விளக்கு அணைந்த மாதிரி. எங்கே இருக்கிறோம், எது திறந்திருக்கிறது, எதை மூடினோம் என்று எதுவும் தெரியாமல் விசைப்பலகையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போய்ப் பார்த்தேன். எல்லாம் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கால் வந்த வினை. கணினியை இயக்கும் சிஸ்டமும் அதில்தான், அண்ணனின் கோப்புகளும் அதில்தான். நிரம்பி வழிந்தது. உள்ளே தட்டு சுற்றிச் சுற்றித் தேடும் சத்தம் வெளியே வரை கேட்டது. சிஸ்டமும் பழசு, அதற்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். புதிதாக எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பான் வாங்கி, அதில் புது சிஸ்டத்தைப் போட்டால் பறக்கும் என்றேன்.

அண்ணன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இந்த வீட்டுல சோபா எங்க இருக்கு, மேச எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணி ஒரு நாக்காலிய இழுத்துப் போட்டாலும் முட்டிக்குவேன். இந்தப் பொட்டிக்குள்ளயும் அப்படித்தான். எது எங்கன்னு விரலுக்குத் தெரியும். நீ புதுசு போட்டா மொத்த சாமானையும் நகத்தி வச்ச மாதிரி ஆயிடும்."

"பழச நான் கழட்டித் தூக்கிப் போடப் போறதில்லண்ணே. அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும். புதுசுல வேலைய பாருங்க. எப்ப வேணுமோ அப்ப பழசுக்குள்ள போயிட்டு வாங்க. ரெண்டு வாசல் வச்ச வீடு மாதிரி."

"ரெண்டுக்கும் நடுவுல கதவு இருக்குமா?"

"இருக்கும். புதுசுல இருந்தே பழசுல உள்ள கோப்பையும் தொறக்கலாம்."

"அப்ப சரி. ஆனா பழசு மேல கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் செய்தேன். சமையலறையிலிருந்து அண்ணி, "எனக்காக இந்த மாதிரி ஒரு தடவயாவது சத்தியம் வாங்கியிருப்பாரா பாரு" என்று குரல் கொடுத்தார்.

கோல சிலாங்கூர் கடைத்தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் சீனர் நன்றாகத் தமிழ் பேசுவார். தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில், ஒரு சாமான் கடையில் வளர்ந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பழசு எதுக்கு தங்கச்சி? உள்ள உள்ளத காப்பி எடுத்துக்கோ, துடைச்சிட்டு வேற எதுக்காச்சும் வை லா" என்றார். அண்ணனின் விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்தார். "அப்படின்னா ஒண்ணு செய். புதுசு போடும்போது பழசோட வயரைப் புடுங்கிடு. ரெண்டும் சேந்து மாட்டியிருந்தா சிஸ்டம் குழம்பிப் போயி பழசுல எதையாச்சும் எழுதிடும். வேலை முடிஞ்சப்புறம் திரும்பக் குத்து." எனக்கும் அது தெரிந்ததுதான். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது தைரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அண்ணன் வீட்டு முன்கூடத்தில் கணினியைப் படுக்கப் போட்டுத் திறந்தேன். அண்ணிக்கு அன்று வேலை இருந்தது, போய்விட்டார். அண்ணன் எதிரே உட்கார்ந்துகொண்டு புது எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? பிஸ்கட்டு மாதிரி இருக்கு. இதுக்குள்ளயா எல்லாம் போவும்?"

"பழசு மாதிரி ரெண்டு மடங்கு போவும்."

காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆடல. உள்ள சுத்துற சாமானே இல்லையா?"

"சுத்தறது ஒண்ணும் கிடையாதுண்ணே. அதனாலதான் வேகம்."

பழைய டிஸ்கின் வயரைக் கழற்ற முயன்றேன். அதன் கொக்கி உள்ளே இடுக்கில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு போராடினேன். அண்ணன், "கொஞ்சம் தள்ளு" என்று சொல்லி விரலை விட்டார். இரண்டு பேரின் தலையும் முட்டிக்கொண்டது. அவர் அழுத்திப் பிடிக்க நான் இழுத்தேன், வந்தது. சின்ன வயதில் ஒரு பழைய ரேடியோவைத் திறந்து இருவருமாகக் கெடுத்தது ஞாபகம் வந்தது. சொன்னேன். "கெடுத்தது நீ. நான் திருப்புளி மட்டுந்தான் குடுத்தேன்" என்றார்.

புது சிஸ்டம் ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. பழைய டிஸ்க் ஓடும்போது முதலில் விர்ரென்று எழும்பும். பிறகு கறகறவென்று சுரண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் கணினியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வார். புதியதில் அது எதுவும் இல்லை. காற்றாடியின் மெல்லிய மூச்சு மட்டும்.

"ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஓடுதா? சத்தமே காணோமே. எனக்குத் தெரியாம செத்துக் கித்துப் போயிடப் போவுது."

திரையில் வருவதை நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். எனக்கே அலுப்பாக இருந்தது. அண்ணனோ நான் ஏதோ கதை சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரை வாசிக்கும் செயலியின் புதிய பதிப்பையும் ஏற்றி முடித்தேன். அதில் பழைய குரல் இல்லை. புதிதாக ஒரு தமிழ்க் குரல் வந்திருந்தது. அழகான குரல். நிறுத்தி, மூச்சு விட்டு, வாக்கியத்தின் முடிவில் லேசாகத் தாழ்ந்து பேசியது. விமான நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர்களைப் போலப் பேசியது. எனக்கு மிகவும் பிடித்துப் போனது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

"நல்லாத்தான் பேசுறாங்க" என்றார். பழைய குரலை அவர் ஒரு நாளும் 'ங்க' போட்டுச் சொன்னதில்லை.

சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரல் எதையோ படித்துக்கொண்டிருந்தது. "யாரு வந்திருக்கா உள்ள?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணினியைப் பார்த்தார். "ஒருத்தி பத்தாதுன்னு இன்னொருத்தியா? அதுவும் இவ்வளவு படிச்சவளா? பாப்பா, நீ எனக்கு நாத்தனாரா, எதிரியா?"

பழைய டிஸ்கை மறுபடி மாட்டினேன். இரண்டும் சேர்ந்து ஓடின. எங்கள் இருவருக்குமே தோன்றாத ஒரு சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. கணினியைப் போட்டதும் திரையில் ஒரு நீலப் பக்கம் வரும். புதியதா, பழையதா என்று இரண்டு வரிகளில் கேட்கும். சற்று நேரம் காத்திருந்துவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் புதியதற்குள் போய்விடும். அந்தக் கட்டத்தில் எந்தக் குரலும் விழித்திருக்காது. வாசல் இரண்டு இருந்தது உண்மை. ஆனால் வாசலில் நின்று பேச ஆள் இல்லை.

"அந்த நீலப் பக்கம் வர்ற நேரம் தெரிஞ்சா போதும் லா. கீழ போற விசைய ஒரு தட்டுத் தட்டி, எண்டரு" என்றார் அண்ணன்.

அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் திரையை அணைத்துவிட்டு நானே கேட்டுக் கேட்டு முயன்றேன். சீக்கிரம் தட்டினேன், தாமதமாகத் தட்டினேன், எல்லாத் தடவையும் புதியதுக்குள்ளேயே போய் விழுந்தேன். அண்ணன் பெட்டியின் மேல் இடது கையை வைத்துக்கொண்டார். பழைய டிஸ்க் விர்ரென்று எழும்பி, ஒரு நிலைக்கு வந்து, காற்றாடி தணியும் அந்த இடத்தில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் தகரத்தில் மணல் கொட்டியது. அந்தக் கரகரப்பைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து அண்ணி என்னை இடித்தார். நான் அந்த நீலப் பக்கம் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் வேலை நாள் முழுக்கப் புதியதில்தான் நடந்தது. வேகத்தைப் பற்றி அண்ணனுக்குக் குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. புதுக் குரலுக்கு நம் ஊர் தெரியவில்லை.

தமிழில் 'ப' ஒன்றுதான். ஆனால் இங்கே ஊர்ப் பெயர்களில் அதற்கு இரண்டு ஒலி. புக்கிட் ரோத்தான் என்று எழுதியிருந்தால், நாம் எல்லோரும் தொண்டையை அதிர விட்டுச் சரியாகச் சொல்லிவிடுவோம். அந்தக் குரல் 'புளி'யில் வரும் 'பு' போலச் சொல்லும். பத்து ஆராங் என்றால் ஊரை எண்ணாக்கி, ஒன்பதுக்கு அடுத்த பத்தாகப் படிக்கும். டத்தோ என்ற அரசுப் பட்டத்தில் வரும் 'ட'வை 'டம்ளர்' மாதிரி ஆக்கிவிடும். கூட்டக் குறிப்புகளில் இந்தப் பெயர்கள் வரிக்கு வரி வரும். "கேக்கும்போது யாரோ நேத்து விமானத்துல எறங்குனவங்க நம்ம ஊரப் பத்தி எனக்குச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

பழைய குரலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்ததாம். அண்ணன்தான் வருடக்கணக்காகத் திருத்தியிருக்கிறார். அந்தச் செயலியில் ஓர் உச்சரிப்பு அகராதி உண்டு. இந்தச் சொல்லைப் பார்த்தால் இப்படிச் சொல் என்று நாம் எழுதி வைக்கலாம். அண்ணன் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். புக்கிட்டுக்கு முன்னால் ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்து 'ம்புக்கிட்' என்று எழுதி வைத்தால், பழைய குரல் அந்த 'ம்' என்ற எழுத்தை விழுங்கிவிட்டு 'பு'வை அதிர்த்துச் சொல்லும். டத்தோவுக்கு 'ண்டத்தோ'. கோம்பாக்குக்கு 'ங்கோம்பாக்'. ஆராங்குக்கு முன்னால் வரும் பத்து மட்டும் ஊர், மற்ற பத்தெல்லாம் எண் என்று அதற்கும் ஒரு வழி. இப்படி நூற்றுக்கணக்கில் சொற்கள். கோயில் தலைவர்கள், தாமான்கள், தோட்டங்கள், மருந்துப் பெயர்கள், சாப்பாடு. அதனால்தான் கடிதம் எழுதும்போதும் நாளிதழ் படிக்கும்போதும் அவர் பழையதுக்குள் போய்விடுவார். அது ஊர்க்காரி ஆகிவிட்ட குரல்.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் அண்ணனிடமிருந்து வரிசையாக அழைப்புகள். உடனே கூப்பிட்டேன்.

"பாப்பா, காலையில பழசுல இருந்தேன். மூடிட்டுப் புதுசுக்குப் போனேன். இது வரைக்கும் யாரும் பேசல. அவங்களும் பேசல, இவளும் பேசல."

"பொட்டி அணஞ்சிருச்சா?"

"அணையல. கைய வச்சுப் பாத்துட்டேன். பழசு உள்ள ஓயாம சொரண்டிக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவ பொத்தான அமுக்கி நிறுத்தலாம்னு கை போச்சு. இது சும்மா நிக்கல, ஏதோ வேலை நடக்குதுன்னு தோணுச்சு. அதான் தொடல."

வீடியோ அழைப்பில் வரச் சொன்னேன். அண்ணன் கைப்பேசியைத் திருப்பினார். முதலில் கூரையின் காற்றாடி தெரிந்தது. பிறகு நாட்காட்டி, அவருடைய தாடை. "கீழண்ணே. இன்னும் கீழ. வலது பக்கம். ஐயோ ரொம்பப் போயிட்டீங்க" என்று நான் கத்தியதில் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் திரை கிடைத்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. புது சிஸ்டம் பழைய டிஸ்கை ஒவ்வொரு மூலையாகச் சோதித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. பாதி கூட முடியவில்லை.

"அண்ணே, நல்ல வேளை நிறுத்தல. எதையும் தொடாதீங்க. அது பாட்டுக்கு முடியட்டும்."

"பழசுக்கு ஆபத்தா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "முடிஞ்சாதான் தெரியும்" என்றேன். அந்த டிஸ்கில் இருந்த கோப்புகளுக்கெல்லாம் நகல் எடுத்து வைத்திருந்தோம். உச்சரிப்பு அகராதிக்கு எடுக்கவில்லை. அப்படி ஒரு கோப்பு தனியாக இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்குப் பின் வந்த மத்தியானம் முழுக்க என் முன்னால் வந்த பலகைகளில் எதைப் பழுது பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வேலை முடிந்து நேராகக் கோல சிலாங்கூருக்குக் காரை விட்டேன். வழியில் நல்ல மழை. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் நெடுந்தூரம் ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி அவருக்குப் பக்கத்தில், வேலை இடத்து உடையைக்கூட மாற்றாமல் இருந்தார்.

"இப்பத்தான் முடிஞ்சிச்சு. அவங்க வணக்கம் சொன்னாங்க. நான் ஒண்ணையும் தொடல. நீ வந்து பாரு" என்றார் அண்ணன்.

கணினியை நிறுத்தி, மறுபடி போட்டு, பழையதுக்குள் போனேன். குரல் வந்தது. அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து தட்டினார். புக்கிட் ரோத்தான். பத்து ஆராங். டத்தோ. எல்லாவற்றையும் அது சரியாகச் சொன்னது. அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணி உள்ளே போய் அடுப்பில் தே போட்டார். அப்போது கேலி எதுவும் வரவில்லை.

நடந்தது என்ன என்பதை அவர்களுக்கு விளக்கினேன். புது சிஸ்டம் முழுசாகத் தூங்குவதில்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காக அரைத் தூக்கம் போடும். அந்த நேரத்தில் பழையது எழுந்து சாமான்களை நகர்த்திவிட்டால், புதியது விழித்ததும் 'என்ன இது, யார் வந்தது' என்று சந்தேகப்பட்டு வீட்டையே சோதனை போடும். அந்த அரைத் தூக்கத்தை நிறுத்தி வைத்தேன். கையோடு உச்சரிப்பு அகராதியைத் தேடிப் பிடித்து ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். பழையதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே, அதன் அகராதியைப் புதியதுக்குக் கொடுத்துவிட்டால் புதுக் குரலும் ஒரே இரவில் ஊர்க்காரி ஆகிவிடும் என்று எனக்கு ஆசை. புதியதைத் திறந்து, அதில் அந்த அகராதியை ஏற்றினேன்.

"ஏதாச்சும் படிக்கச் சொல்லுங்கண்ணே."

அண்ணன் தட்டச்சு செய்துகொண்டிருந்த கூட்டக் குறிப்பைத் திறந்தார். அந்த அழகான குரல் தொண்டையைச் செருமிக்கொண்டதுபோல் ஒரு கணம் நின்று, நிதானமாகப் படித்தது: "ம்ம்ம்… புக்கிட் ரோத்தான் வட்டாரத் தலைவர், ண்ண்ண்… டத்தோ அவர்கள், ங்ங்… கோம்பாக்கிலிருந்து வந்திருந்த…"

பழைய குரல் அவசரத்தில் விழுங்கிய எழுத்துகளை எல்லாம் இது மரியாதையாக, ஒன்று விடாமல், இழுத்துச் சொன்னது.

அண்ணி தே குவளையை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, மாடு கத்துற மாதிரி இருக்குங்க. படிச்ச மாடு" என்றார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அது "ம்ம்ம்" என்றது. அவ்வளவுதான், மூன்று பேராலும் நிறுத்த முடியவில்லை. அண்ணனுக்குப் புரையேறியது. மத்தியானத்திலிருந்து நெஞ்சில் கட்டியிருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் அவிழ்ந்து போயிற்று என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அழுகையும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

அந்த அகராதியைப் புதியதிலிருந்து எடுத்துவிட்டேன். "வேற வழியில்ல. இவங்களுக்கு மொதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும்" என்றார் அண்ணன்.

அதை அவர் தனியாகச் செய்யவில்லை. அண்ணியும் சேர்ந்துகொண்டார். வேலை முடிந்து, குளித்து, சமைத்த பிறகு அண்ணனின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அண்ணன் பழையதில் ஒரு சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டு, புதியதில் அதை எப்படி எழுதினால் சரியாக வருகிறது என்று தேடுவார். மலாய்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் இந்தக் குரல் ஓரளவு பிடித்துக்கொண்டது. மீதிக்கு இருவரும் சண்டை போட்டார்கள். மீன் பெயர்களில் அண்ணி வைத்ததே சட்டம். "பாசிர் பெனம்பாங்குல யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. இன்னொரு தடவ மாத்துங்க" என்று அதட்டுவார். நான் போகும்போதெல்லாம் புதுக் குரலில் ஒரு பத்துச் சொல்லாவது ஊர்ப்பக்கம் திரும்பியிருக்கும். நாங்கள் பேச்சின் முடிவில் ஒட்டிச் சொல்லும் 'லா' மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்பது போலச் சொல்கிறது.

அண்ணன் பழையதை விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறந்து நாளிதழ் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்த டிஸ்குக்கு வயதாகிவிட்டது. என்றாவது ஒரு நாள் நின்றுவிடும் என்று அவருக்கும் தெரியும். "நிக்கிறப்ப நிக்கட்டும். நானா போயி நிறுத்த மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

கணினி வேகமானதும் வேலை சேர்ந்தது. ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குச் செய்தி போய், இப்போது தொலைவில் இருக்கும் ராசா ஊரிலிருந்தும் பதிவுகள் வருகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் கூட்டங்களில் யார் எந்த ஊர்க்காரர், எந்தக் குடும்பம் என்று அண்ணி கண்டுபிடித்துச் சொல்கிறார். அவருக்குச் சுற்றுவட்டாரத்தில் சொந்தம் இல்லாத ஊரே கிடையாது. விடுமுறை நாட்களில் தானும் தட்டச்சுப் பழகுகிறார். ஒரு விரலால்தான், ஆனால் தப்பில்லாமல்.

போன சனிக்கிழமை பசாரில் நண்டு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் ஆளுக்கொரு காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் யாரோ பொருளாளரை ஏசிக்கொண்டிருந்தார் போல. அண்ணி கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்று காட்டினார்.

"இவரு அந்தச் செயலாளரோட மச்சான், எழுதுங்க" என்றார் அண்ணனிடம்.

"மச்சான்னு எப்படி எழுதுறது? கூட்டக் குறிப்பு இது, புள்ள."

"அப்ப ஒரு உறுப்பினர்னு போடுங்க. ஆனா மச்சான்தான்."

நண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைத்தேன்.